எங்கிருந்து அளப்பது?

கப்பலூரை அடுத்த ஒரு கிராமச் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்ற ஆண்டு புரட்டாசியில் போயிருந்தோம். வரவு செலவைப் பார்த்து முடித்து எழுந்திருக்கும் வேளையில், பயிர்க்கடன் மனு ஒன்று நிறுத்தி வைக்கப்பட்டிருப்பதைச் செயலாளர் எடுத்துக் காட்டினார். மனுதாரர் பழைய பாக்கி ஏதும் இல்லாதவர். கரிசல் உழுது கிடந்தது; ஒரு மழையும் பெய்திருந்தது; பருத்தி விதைப்பு ஒன்றே பாக்கி. ஆயினும் நிலம் கூட்டுப் பட்டாவில் இருந்தமையால், மற்றப் பட்டாதாரரின் சம்மதக் கையெழுத்து வேண்டியிருந்தது. அவர் மனுதாரருக்குப் பெரியப்பா மகன். கையெழுத்திட மறுத்துவிட்டார். காரணம் ஆறடி நிலம்.

இருவருடைய தந்தையரும் 1961-ஆம் ஆண்டில் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். மேல்பாதி மூத்தவருக்கு, கீழ்பாதி இளையவருக்கு. மூத்தவர் பாகத்தில் உள்ள கிணற்றின் கிழக்கு விளிம்பிலிருந்து நேர் கிழக்கே 45 அடியில், வடக்குத் தெற்காக ஓடும் வரப்பே எல்லை என்று பத்திரம் சொல்கிறது. எழுதிய நாளில் அதில் யாருக்கும் ஐயம் எழவில்லை. பின்னர் ஒரு வறட்சிக் காலத்தில் கிணற்றை ஆழப்படுத்தியபோது கிழக்குப் பக்கமாக ஆறடி அகலமும் படுத்தினார்கள். இன்னும் சில ஆண்டுகள் கழித்து டிராக்டர் உழவு வந்தது. வரப்பு கரைந்து போயிற்று. இப்போது அண்ணன் இன்றைய விளிம்பிலிருந்து நாடா பிடிக்கிறார். தம்பி அன்றைய விளிம்பு இருந்ததாகத் தாம் கருதும் இடத்திலிருந்து நாடா பிடிக்கிறார். இருவருக்கும் 45 அடி சரியாகவே வருகிறது. முந்நூறு அடி நீளத்தில் ஆறடி அகலம் என்றால் 1,800 சதுர அடி. நான்கு சென்டுக்குச் சற்று அதிகம்.

"பத்திரத்தில் இருக்கிறபடிதானே அளந்தேன், சார்?" என்று இருவருமே தனித்தனியே நம்மிடம் கேட்டார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் இவ்வழக்கில் கவனிக்கத் தக்கது. எல்லைத் தகராறு என்றதும் ஒருவர் மற்றவர் நிலத்தைக் கவர எண்ணினார் என்று முடிவு கட்டிவிடுகிறோம். சங்கங்களில் நாம் கண்ட வழக்குகளில் பாதிக்குமேல் அப்படிப்பட்டவை அல்ல. அளவு சரியாக இருக்கிறது. அளவு தொடங்கும் இடம் இரண்டாக இருக்கிறது. ஆகவே, இடத்தையும் இயக்கத்தையும் அளப்பதற்கு ஒரு பொது ஆதாரம் ஏன் வேண்டும் என்பதை இவ்விதழில் சற்று விரிவாக எழுதலாம் என்று கருதினோம்.

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு மூன்று செய்திகள் தேவை. எங்கிருந்து அளந்தோம்? எத்திசையில் அளந்தோம்? எந்தக் கோலால் அளந்தோம்? இது நெசவாள அங்கத்தினர்களுக்குப் புதிதன்று. தறியில் உள்ள சேலையில் ஒரு புட்டா எங்கே விழ வேண்டும் என்பதற்கு, கரையிலிருந்து இத்தனையாவது பாவிழை, தலைப்பிலிருந்து இத்தனையாவது ஊடையிழை என்று இரண்டு எண்கள் போதும். துணியிலுள்ள எந்தப் புள்ளியையும் இவ்வாறு இரண்டு எண்களால் குறித்துவிடலாம். பிரெஞ்சு அறிஞர் டேக்கார்ட்டு 1637-இல் வெளியிட்ட நூலில் கணிதத்துக்குத் தந்த முறையும் அடிப்படையில் இதுவே. ஆனால் எந்தக் கரையிலிருந்து, எந்தத் தலைப்பிலிருந்து எண்ணுவது என்பதில் இருவர் ஒத்துப்போகாவிட்டால், அதே எண்களைக் கொண்டு ஒருவர் முந்தானை ஓரத்திலும் மற்றவர் கொசுவத்திலும் புட்டாவைப் போட்டுவிடுவார்கள். எண்களில் பிழை இராது, சேலைதான் வீணாகும்.

கோலைப்பற்றி நம் முன்னோர் மிகவும் கவலைப்பட்டிருக்கிறார்கள். முதலாம் இராசராசன் காலத்தில் சோழ நாடு அளக்கப்பட்டது; உலகளந்த கோல், பதினாறு சாண் கோல் என்று கோல்கள் கல்வெட்டுகளில் பேசப்படுகின்றன; கோலின் நீளத்தைக் கோயில் சுவரிலேயே பொறித்து வைத்த இடங்களும் உண்டு. சந்தேகம் வந்தால் எவரும் போய் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். திசையைப்பற்றி அவ்வளவு கவலை நம் பத்திரங்களில் தென்படவில்லை. 'நேர் கிழக்கு' என்று எழுதுகிறோம்; சூரியன் உதிக்கும் திசை கிழக்கு என்று கொள்கிறோம். மதுரைப் பக்கத்தில் ஆனி மாத உதயம் நேர் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே விலகியும், மார்கழி உதயம் அதே அளவு தெற்கே விலகியும் இருக்கும். எந்த மாதத்துக் கிழக்கு என்று கேட்டால் பத்திரம் எழுதியவர் திகைத்துத்தான் போவார்.

இனி, உழவர் பெருமக்கள் நாள்தோறும் பத்திரிகையில் முதலில் தேடும் எண்களுக்கு வருவோம். வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. பெரியாறு அணையில் 2014-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பின்படி 142 அடி வரை நீர் தேக்கலாம். இவ்விரண்டையும் அடுத்து, சில நாட்களில், கேரளத்து இடுக்கி அணையின் மட்டமும் வெளியாகும். அதன் முழு மட்டம் 2,403 அடி. "நமக்கு 142, அவர்களுக்கு 2,403!" என்று டீக்கடையில் ஒருவர் பெருமூச்சு விட்டதை நம் காதால் கேட்டோம். உண்மை என்னவெனில், பெரியாறு அணை இடுக்கிக்கு மேலே, அதே ஆற்றின் மேற்பக்கத்தில் இருக்கிறது. பெரியாறு அணையில் மதகு திறந்து ஆற்றில் விடும் நீர் கீழே இறங்கி இடுக்கி நீர்த்தேக்கத்தைத்தான் அடைகிறது. 142 என்ற மட்டம் மேலேயும், 2,403 என்ற மட்டம் கீழேயும் இருக்கின்றன!

இதில் மாயம் ஒன்றுமில்லை. பெரியாற்றின் 142 அடி, அணை கட்டிய இடத்து ஆற்றுப் படுகையைச் சுழியாகக் கொண்டு எண்ணியது. இடுக்கியின் 2,403 அடி, கடல் மட்டத்தைச் சுழியாகக் கொண்டு எண்ணியது. இரண்டு அளவும் தத்தம் ஆதாரத்தில் சரியே. ஒன்றோடொன்று ஒப்பிடுவதுதான் தவறு. மதுரை மாவட்ட உழவருக்கோ இவ்விரண்டு சுழிகளையும்விட முக்கியமான மூன்றாவது சுழி ஒன்று உண்டு. பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தமிழ்நாட்டுப் பக்கம் வருகிறது. நீர் மட்டம் 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்துக்குள் நீர் ஏறாது. ஆகவே அணையில் 114 அடி என்று செய்தி வந்தால், நமக்கு இருப்பது 114 அடியன்று. சுரங்க வாய்க்கு மேலே நிற்கும் பத்தடிதான். நாற்றுப் பாவலாமா, பொறுத்திருக்கலாமா என்று தீர்மானிப்பவர் அந்தப் பத்தடியைக் கண்டே தீர்மானிக்க வேண்டும்.

கடல் மட்டம் என்கிறோமே, அதுவாவது அசையாத சுழியா என்று கேட்கலாம். கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. பருவக் காற்றுக்குத் தக்கபடியும் மாறுகிறது. எனவே பல ஆண்டுகள் துறைமுகங்களில் ஏற்ற இறக்கத்தைப் பதிந்து சராசரி கண்டார்கள். இந்திய நில அளவைத் துறை 1909-ஆம் ஆண்டு உயர ஆதாரத்துக்கு ஒன்பது துறைமுகங்களின் சராசரி மட்டத்தை எடுத்துக்கொண்டது. சென்னையும் நாகப்பட்டினமும் அவற்றில் சேர்ந்தவை. ஒன்பது இடத்திலும் கடல் ஒரே மட்டம் என்று வைத்துக்கொண்டார்கள். நுட்பமாகப் பார்த்தால் அது முற்றிலும் உண்மையன்று. ஆயினும் ஒன்றை ஒப்புக்கொண்டு, அதனை எழுதிவைத்து, எல்லாரும் அதிலிருந்தே அளந்தமையால் வேலை நடந்தது. ரயில் நிலையப் பெயர்ப் பலகைகளில் காணும் கடல் மட்ட உயரம் இத்தகைய ஆதாரத்தில் நிற்பது. கப்பலின் பெயரைத் தாங்கிய கப்பலூரில் கடல் இல்லை. ஆனாலும் கப்பலூரின் உயரத்தைக் கடலிலிருந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தரையில் நீள அகலங்களுக்கு இத்தகைய பொது ஆதாரத்தை ஏற்படுத்தும் பெருமுயற்சி தமிழ்நாட்டிலேதான் தொடங்கியது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னைப் பரங்கிமலையருகே லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி ஓர் அடித்தள நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏழரை மைல். நூறடி எஃகுச் சங்கிலி. அது வெயிலில் நீளுமாகையால் பக்கத்தில் வெப்பமானி. தரையின் மேடுபள்ளம் தாக்காதபடி பெட்டிகளில் கிடத்தி அளந்தார்கள். அந்த ஒரு கோட்டைச் சரியாக அளந்துவிட்டால், பிறகு சங்கிலி அதிகம் வேண்டியதில்லை. கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்றைப் பார்த்துக் கோணங்களை அளந்தால் முக்கோணம் கிடைக்கும். அதன் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம். இவ்வாறு நாடெங்கும் பரப்பிக்கொண்டே போகலாம். தஞ்சைச் சமவெளியில் குன்றில்லை. தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. கோயில் கோபுரங்களே குன்றாயின. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது அரை டன் எடையுள்ள கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சேதமடைந்தது. லாம்டன் கூடாரத்தில் அடைந்து கிடந்து, பல வாரம் உழைத்து அதைத் தம் கையாலேயே செப்பனிட்டார். தவறிய அளவுக்குச் சாக்குச் சொல்லும் நம் போன்றோர் நினைத்துப் பார்க்க வேண்டிய மனிதர்.

இந்த அளவையில் ஒரு விசித்திரம் நேர்ந்தது. முக்கோண வலை முழுவதும் சென்னை வானியல் ஆய்வகத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டது. கிரீனிச்சிலிருந்து சென்னை எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்பதை அக்காலத்தில் வானத்தைப் பார்த்தே கணித்தார்கள். பின்னர்த் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டுக் கணித்தபோது, பழைய எண் ஏறத்தாழ இரண்டரைக் கலை அதிகம் என்று தெரிந்தது. நம் பக்கத்தில் இது நாலரைக் கிலோமீட்டருக்குச் சமம். அதாவது, பழைய படங்களில் ஒவ்வோர் ஊரும் தன் இடத்திலிருந்து நாலரைக் கிலோமீட்டர் கிழக்கே குறிக்கப்பட்டிருந்தது!

இதனால் யாருடைய வயலாவது குறைந்ததா? இல்லை. மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் உள்ள தூரம் படத்தில் சரியாகவே இருந்தது. எல்லா ஊர்களும் சேர்ந்து ஒரே அளவு நகர்ந்திருந்தன. எல்லாருக்கும் பொதுவான பிழை அண்டை அயலாருக்குள் தகராறு விளைவிப்பதில்லை. பழைய படத்திலிருந்து ஓர் ஊரையும், புதிய படத்திலிருந்து இன்னோர் ஊரையும் எடுத்து ஒன்றாக வைக்கும்போதுதான் தொல்லை. நம் பங்காளிகள் செய்ததும் இதுவே: கிணற்றை ஒருவர் பழைய படத்திலும் மற்றவர் புதிய படத்திலும் பார்த்தார்கள்.

இயக்கத்துக்கும் இதே விதிதான். மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் பேருந்து கப்பலூரைக் கடக்கும்போது, ஜன்னலோரம் இருப்பவருக்குப் புளியமரங்கள் ஓடுகின்றன. பக்கத்து இருக்கைக்காரர் அசையாமல் இருக்கிறார். சாலையோரம் நிற்பவருக்கோ பக்கத்து இருக்கைக்காரரும் பேருந்தின் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறார். ஆற்றில் படகிற் செல்பவனுக்குக் கரையிலுள்ள பொருள்கள் பின்னோக்கி ஓடுவதுபோலவே, சுழலும் பூமியில் இருப்பவர்க்கு விண்மீன்கள் மேற்கே ஓடுவதாகத் தோன்றுகின்றன என்ற கருத்தை ஆரியபட்டர், கி.பி. 499-ஐக் கணக்கின் ஆண்டாகக் கொண்ட தம் நூலிலே சொல்லியிருக்கிறார். இத்தாலியில் கலிலியோ 1632-இல் வெளியிட்ட நூலில், சீராகச் செல்லும் கப்பலின் அறைக்குள் அடைபட்டவன் கப்பல் போகிறதா நிற்கிறதா என்று உள்ளேயிருந்து எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது என்று விளக்கினார்.

தறியைப் பாருங்கள். நாடா வலப்பெட்டியிலிருந்து இடப்பெட்டிக்குப் பலகையின்மீது நேர்கோட்டில் ஓடுகிறது என்கிறோம். ஆனால் நாடா ஓடும்போது பலகையும் முன்பின்னாக ஆடிக்கொண்டிருக்கிறது. குழியின் ஓரத்தில் நிற்பவர் தரையை ஆதாரமாகக் கொண்டு நாடாவின் வழியை வரைந்தால் அது நேர்கோடாக இராது, வளைகோடாக இருக்கும். நேர்கோடா, வளைகோடா என்று வாதிடுவதில் பயனில்லை. பலகையைச் சீர்செய்யும் தச்சருக்கு நேர்கோடு பயன்படும். தறியைச் சட்டத்தில் பொருத்துபவருக்கு வளைகோடு பயன்படும். இன்னும் மேலே போனால், அந்தத் தறியும் குழியும் நெசவாளரும் பூமியின் சுழற்சியால் மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறார்கள். பூமியோ விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வீதம் சூரியனைச் சுற்றுகிறது. இவற்றுள் எது உண்மை வேகம் என்று கேட்டால், எதைக் குறித்து என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு விடையில்லை.

இயக்கத்தை அளக்கக் கடிகாரமும் பொதுவாக இருத்தல் வேண்டும். 1906-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஊருக்கு ஊர் வேறு நேரம். சென்னை நேரம் இன்றைய நேரத்துக்கு ஒன்பது நிமிடம் பின்தங்கியது. பம்பாய் நேரம் சென்னை நேரத்துக்கும் அரைமணி பின்தங்கியது. பம்பாய்க் கடிகாரப்படி புறப்பட்ட வண்டி சென்னைக் கடிகாரப்படி வந்து சேர்ந்த நேரத்தைக் கழித்துப் பார்த்தால், பயணம் அரைமணி நீண்டதாகத் தோன்றும். திரும்பும்போது அதே வண்டி அரைமணி விரைந்ததாகத் தோன்றும். எஞ்சினில் மாற்றமில்லை. இக்குழப்பத்தைத் தவிர்க்கவே ரயில்வேக்காரர்கள் முன்னதாகவே சென்னை நேரத்தைத் தங்களுக்குப் பொதுவாக வைத்துக்கொண்டார்கள்.

இப்போது கையடக்கத் தொலைபேசியே இடத்தைச் சொல்லிவிடுகிறதே, இனித் தகராறு ஏது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். தம்பியின் மகனும் தொலைபேசியைக் கையில் ஏந்தி வரப்பில் நடந்து படம் எடுத்து வந்திருந்தான். அதன் உதவியை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் திறந்த வெளியிலும் அது சில மீட்டர் முன்பின்னாகவே காட்டும். மூன்று மீட்டர் என்றாலே பத்தடி. ஆறடித் தகராறைத் தீர்க்க அது போதாது. மேலும் தொலைபேசி பூமியின் மையத்தை ஆதாரமாகக் கொண்டு, உலகம் முழுமைக்கும் பொதுவாக 1984-இல் வகுத்த சட்டகத்தில் பேசுகிறது. நம் பழைய நிலப்படங்களோ எவரெஸ்ட் என்பவர் 1830-இல் இந்தியாவுக்குப் பொருந்தக் கணித்த பூமியுருவத்தில் நிற்கின்றன. ஒரே கல்லுக்கு இரண்டிலும் வரும் எண்களைக் கலந்து படத்தில் குறித்தால் இடம் நூறு மீட்டருக்கும் மேல் விலகிப்போகும். இன்னொன்றும் உண்டு: இந்திய நிலத்தட்டு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. 1961-இல் பத்திரம் எழுதிய நாள் முதல் இன்றுவரை அந்தக் கிணறு, உலகச் சட்டகத்தைக் குறித்து, மூன்று மீட்டருக்குமேல் நகர்ந்துவிட்டது. பங்காளிகள் சண்டையிட்ட ஆறடியைவிட அது அதிகம். கிணறும் வயலும் வரப்பும் சேர்ந்தே நகர்ந்ததால் ஒருவரும் அறியவில்லை.

எல்லையைத் தீர்ப்பது நம் வேலையன்று. நில அளவரின் வேலை. நாம் செய்யக்கூடியது, இருவரையும் ஒரே இடத்தில் நிற்க வைப்பது மட்டுமே. மறுநாட் காலை செயலாளரையும் அழைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனோம். அன்றைய விளிம்பு எங்கே இருந்தது என்பதற்கு ஏதேனும் அடையாளம் உண்டா என்று கேட்டோம். இருவரும் யோசித்தார்கள். கடைசியில் அண்ணன்தான், மேற்கு விளிம்பில் செடி மூடிக்கிடந்த இரண்டு கல்தூண்களைக் காட்டினார். கமலை இறைத்த காலத்தில் உருளை தாங்கிய தூண்கள் அவை. மின் மோட்டார் வந்தபிறகு யாரும் அவற்றைத் தொடவில்லை. கிணறு கிழக்கே அகன்றபோதும் மேற்கு விளிம்பு அசையவில்லை. பத்திரத்தைத் திரும்பப் பிரித்தோம். கிணறு '20 அடிச் சதுரம்' என்று முதற்பக்கத்திலேயே எழுதியிருந்தது. தூணிலிருந்து 20 அடி, அதற்குமேல் 45 அடி, ஆக 65 அடியில் எல்லை.

அண்ணன் சற்று நேரம் பேசாமல் நின்றார். தமக்கு ஆறடி குறைகிறது என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது; தூணைக் காட்டியவரும் அவரே. "அப்பா நின்ற இடம் அதுதான். அப்படியே அளந்துகொள்ளுங்கள்," என்று சொல்லிவிட்டு, நாடாவின் ஒரு முனையைத் தாமே தூணில் பிடித்தார்.

இருவரும் சேர்ந்து உட்பிரிவுக்கு மனுச் செய்தார்கள். நில அளவர் வந்து, புலப்படத்தில் கண்ட இரண்டு சர்வே கற்களைத் தேடி எடுத்து, அவற்றுக்கிடையே சங்கிலிக் கோடு போட்டு, அக்கோட்டிலிருந்து புதிய எல்லைக் கற்களின் தூரத்தை மீட்டரில் குறித்துக்கொண்டார். இனி எல்லை அந்தக் கற்களிலிருந்து அளக்கப்படும். கிணற்றை எந்தப் பக்கம் வெட்டினாலும் பாதகமில்லை. பட்டா தனியாகும்வரை பொறுக்காமல், அண்ணன் அன்று மாலையே சங்கத்துக்கு வந்து சம்மதத்தில் கையெழுத்திட்டார். கடன் ஐப்பசி முதல் வாரத்தில் வழங்கப்பட்டது. விதைப்பு இரண்டு வாரம் பிந்திவிட்டது. ஆயினும் ஈரம் இருந்தது.